பூ உதிர்ந்தாலும் விதை அடையாளம் சொல்லும்: தோட்டப்புறச் செடிகளை இனங்காணும் வழி

பூ பூத்திருக்கும்போது ஒரு செடியை இன்னதென்று சொல்வது எளிது. நிறமும் இதழும் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் நம் ஊர்க் காட்டுப்பூக்களில் பல, காலையில் விரிந்து மதிய வெயிலுக்குள் வாடி விழுந்துவிடுபவை. அதன் பிறகு வாரக்கணக்கில் செடியில் நிற்பது காயும் விதையும்தான். செம்பனைத் தோட்டத்து ஓரத்திலும், தாமான் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் கரையிலும் கீழாநெல்லி, துத்தி, முடக்கத்தான் என்று தேடிப் போகிறவர்கள் பல நாள் காண்பது பூவில்லாத செடியைத்தான்.

அந்த நேரத்தில் இலையை மட்டும் நம்பிப் பறிப்பதில் ஆபத்து உண்டு. ஒன்றுபோல் இலை கொண்ட செடிகள் பல. நிழலில் வளர்ந்த செடியின் இலை ஒரு மாதிரியும் வெயிலில் வளர்ந்த செடியின் இலை வேறு மாதிரியும் இருக்கும். பெயரும் கைகொடுக்காது. மலாய் மொழியில் ‘தாஹி ஆயாம்’ என்ற பெயர் உண்ணிச்செடிக்கும் உண்டு. வெளிர் ஊதாப் பூ பூக்கும் நாற்றப்பூண்டு ஒன்றுக்கும் உண்டு. ‘லெத்துப்-லெத்துப்’ என்றால் ஒருவர் சொடக்குத் தக்காளியைக் காட்டுவார். இன்னொருவர் சிறுபூனைக்காலிக் கொடியைக் காட்டுவார். தமிழ்ப் பெயர்களும் ஊருக்கு ஊர் மாறுபவை.

காயின் அமைப்பு அப்படி எளிதில் மாறுவதில்லை. பேராக்கில் முளைத்தாலும் ஜொகூரில் முளைத்தாலும் முடக்கத்தான் விதையில் ஒரே அடையாளம்தான் இருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டிமார்கள் பலரும் இலையைப் புரட்டி, காயை நசுக்கிப் பார்த்த பிறகுதான் செடியைப் பறித்தார்கள். பால்மரக் காடுகள் செம்பனையாக மாறி, லயத்து வீடுகளிலிருந்து குடும்பங்கள் நகரத்துக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. மூலிகை பறிக்கும் ஆசை மட்டும் குறையவில்லை. ஆகவே காயை வைத்து அடையாளம் காணும் முறையை இங்கே வகை வகையாகத் தருகிறோம்.

முதலில் பார்க்க வேண்டிய நான்கு

செடி எதுவானாலும் கீழ்க்கண்ட நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. காய் எங்கே இருக்கிறது? தண்டின் நுனியிலா, இலைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள கக்கத்திலா, இலைக்கு அடியிலா?

2. அதன் வடிவம் என்ன? பஞ்சு உருண்டை, கதிர், காற்றடைத்த பை, பற்சக்கரம், முள் உருண்டை, நீண்ட காய் என்று வடிவம் பல.

3. அது எப்படித் திறக்கிறது? தானாக வெடிக்கிறதா, துண்டு துண்டாகப் பிரிகிறதா, திறக்காமலேயே விழுகிறதா?

4. விதை எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது? காற்றில் பறக்கிறதா, கால்சட்டையில் ஒட்டுகிறதா, பறவை தின்று போடுகிறதா?

இந்த நான்குக்கும் விடை தெரிந்தால் பெரும்பாலான செடிகளைப் பூ இல்லாமலேயே பிரித்துவிடலாம்.

பஞ்சாகப் பறப்பவை

புல்தரையில் பஞ்சு உருண்டையோடு நிற்கும் செடிகள் எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

வெட்டுக்காயப்பூண்டு, மூக்குத்திப்பூ என்றெல்லாம் அழைக்கப்படும் செடிக்கு, ஒரு சாண் நீளத் தண்டின் நுனியில் ஒரே ஓர் உருண்டை இருக்கும். விதை கறுப்பாக, மெல்லிய மயிர் போர்த்தியிருக்கும். அதன் தலையில் உள்ள பஞ்சு இழை ஒவ்வொன்றும் சின்னப் பறவை இறகு போல இருபக்கமும் கிளைத்திருக்கும். இந்த இறகுதான் இதன் முத்திரை. வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழிந்து விடுவது இந்தச் செடியின் இலையைத்தான். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அங்கிருந்து உலகமெங்கும் பரவியது.

முயற்செவியில் ஒரு கிளைக்கு மூன்று நான்கு உருண்டைகள் இருக்கும். பஞ்சு பட்டுபோல மென்மையாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். இழைகள் நேரானவை, இறகுபோல் கிளைக்காதவை. பஞ்சுக்குக் கீழே பச்சைநிறக் குழாய் போன்ற ஒரு உறை உண்டு. அது ஒரே வரிசைச் செதில்களால் ஆனது. மேல் இலைகள் தண்டைக் காதுபோல் கவ்விப் பிடித்திருக்கும்.

பூவாங்குறுந்தல் என்ற நெய்ச்சட்டிப்பூண்டும் ஊதா நிறத்தில்தான் பூக்கும். ஆனால் அதில் உருண்டைகள் மிகச் சிறியவை; எண்ணிக்கையில் பல. பஞ்சுக்குக் கீழே உள்ள செதில்கள் ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காக இருக்கும். இலை தண்டைக் கவ்வாது. முயற்செவியையும் இதையும் மாற்றிப் பறிப்பவர்கள் இந்தச் செதில் வரிசையை எண்ணிப் பார்த்தால் போதும்.

‘போக்கோ காப்பால் தெர்பாங்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் விமானச்செடி ஆள் உயரப் புதராக வளரும். பூ முடிந்ததும் கிளை நுனிகள் எல்லாம் மங்கிய வெள்ளைப் பஞ்சாகிவிடும். ஒவ்வொரு தலையும் ஒரு சென்டிமீட்டர் நீளக் குழாய் வடிவில் இருக்கும். விதை மெல்லியது, கருநிறமானது. ஒரு புதர் விதைத்தால் அடுத்த மழைக்குப் பிறகு வெற்று நிலம் முழுவதும் அதுவே நிற்கும்.

பார்த்தீனியமா, உலாம் ராஜாவா?

இலையை மட்டும் பார்த்தால் தவறு நேரக்கூடிய இரண்டு செடிகள் இவை. சோற்றோடு பச்சையாகத் தின்னும் உலாம் ராஜாவின் இலையும், பார்த்தீனியத்தின் இலையும் கேரட் இலை போலப் பிளவுபட்டிருக்கும். இரண்டும் தரிசு நிலத்தில் வளரும்.

பார்த்தீனியம் மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு சிலாங்கூரில் கண்டறியப்பட்டது. ‘ரும்பாய் மியாங் மெக்சிகோ’ என்பது மலாய்ப் பெயர். தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். அதன் மகரந்தம் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். ஆடு மாடு தின்றால் பாலும் கெடும்.

வேறுபாடு விதையில் தெளிவாக இருக்கிறது. உலாம் ராஜாவின் விதைகள் கறுத்த நீண்ட ஊசிகள். நுனியில் இரண்டு மூன்று முட்களோடு, ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் குத்தி நிற்பது போல் விரிந்திருக்கும். பார்த்தீனியத்தில் ஊசியும் இல்லை, பஞ்சும் இல்லை. ஐந்து மூலை கொண்ட வெள்ளைப் பொத்தான் போன்ற சின்னத் தலை, அதனுள் ஐந்தே ஐந்து கறுப்பு விதைகள். இன்னொரு சோதனையும் உண்டு: உலாம் ராஜாவில் இலைகள் எதிரெதிராக இணையாக முளைக்கும், பார்த்தீனியத்தில் மாறி மாறி முளைக்கும்.

வெள்ளைப் பொத்தான் தலையைக் கண்டால் வெறுங்கையால் பிடுங்க வேண்டாம். விதை உதிரும் நிலையில் இழுத்தால் நாமே விதைத்தவர்கள் ஆவோம். இடத்தைக் குறித்துக்கொண்டு விவசாய இலாகாவுக்குத் தெரிவிப்பது நல்லது.

துணியில் ஒட்டுபவை

தோட்டத்துக்குள் நடந்து வந்து கால்சட்டையைப் பார்த்தாலே அங்கே என்னென்ன செடி இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

நாயுருவி: நீண்ட கதிர். காய்கள் எல்லாம் தலைகீழாகத் தண்டோடு ஒட்டித் தரையைப் பார்த்திருக்கும். கதிரை மேலிருந்து கீழாகத் தடவினால் வழுக்கும். கீழிருந்து மேலாகத் தடவினால் குத்தும்.

தொட்டாச்சிணுங்கி: மலாயில் செமாலு. தட்டையான சின்னக் காய்கள் கொத்தாக இருக்கும். ஓரம் முழுவதும் சுணை. முற்றியதும் ஒவ்வொரு விதையும் தனித்தனித் துண்டாகக் கழன்று விழும். காயின் ஓரச்சட்டம் மட்டும் கண்ணாடி இல்லாத சன்னல் போலச் செடியில் நிற்கும். வேறு எதனோடும் மாறாத அடையாளம் இது.

கெமுஞ்சுப் புல்: திடலில் விளையாடிய பிள்ளைகளின் காலுறையில் குத்தியிருக்கும் செம்பழுப்பு ஊசிகள் இதனுடையவை. மெலிந்த தண்டின் நுனியில் மட்டுமே விதை இருக்கும்.

பற்சக்கரம் போன்றவை

துத்தி, குறுந்தோட்டி, ஒட்டத்துத்தி மூன்றும் செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூலநோய்க்குத் துத்தி இலையைத் தேடுகிறவர்கள் பூவில்லாத நேரத்தில் மற்ற இரண்டையும் துத்தி என்று பறித்துவிடுவதுண்டு. மூன்றிலும் காய், ஆரஞ்சுப் பழச் சுளைகள் போல வட்டமாக அடுக்கிய பகுதிகளாக இருக்கும். எண்ணிப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

துத்திக் காய் பெரியது. அதில் 15 முதல் 20 சுளைகள் இருக்கும். மேலிருந்து பார்த்தால் இயந்திரப் பற்சக்கரம் போலவே இருக்கும். முற்றினால் கறுத்துவிடும். ஒவ்வொரு சுளையிலும் இரண்டு மூன்று விதைகள் உண்டு.

குறுந்தோட்டியின் காய் மிளகைவிடச் சற்றே பெரிது. மலாயில் செலகுரி. சுளைகள் பத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். ஒரு சுளைக்கு ஒரே விதைதான். சுளையின் தலையில் சிறு கொம்புகள் தெரியும்.

ஒட்டத்துத்தியில் சரியாக ஐந்து சுளைகள். ஒவ்வொன்றின் மேலும் கொக்கி முட்கள். ஆட்டு மயிரிலும் நம் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மலாயில் ‘புலுட்-புலுட்’ என்று பெயர். புலுட் என்றால் ஒட்டும் அரிசி.

பைக்குள் விதை வைப்பவை

இந்த வகையில் ஒன்று கீரை, ஒன்று பழம், ஒன்று நஞ்சு. ஆகவே கவனமாகப் பிரிக்க வேண்டும்.

முடக்கத்தான்: கொடி. காற்றடைத்த மூன்று மூலைப் பை. உள்ளே மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. கறுப்பு விதையின் மேல் இதய வடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்த வெள்ளை இதயம் இருந்தால் ஐயமே வேண்டாம். தோசை மாவில் அரைக்கும் முடக்கத்தான் அதுதான்.

சொடக்குத் தக்காளி: சிறு செடி. காகித விளக்கு போல ஐந்து பட்டையுள்ள பை தலைகீழாகத் தொங்கும். உள்ளே விதையல்ல, ஒரே ஒரு உருண்டைப் பழம். பிள்ளைகள் பையை நெற்றியில் அடித்து ‘டப்’ என்று வெடிப்பார்கள். பை காய்ந்து, பழம் மஞ்சளாகித் தானாக விழுந்த பிறகுதான் தின்ன வேண்டும். பச்சைக் காய் ஆகாது.

கிலுகிலுப்பை: நேராக நிற்கும் செடி. பூ மஞ்சள், அவரைப் பூ வடிவம். காய் நீள உருளை. மூலையோ பட்டையோ இல்லை. முற்றிக் கறுத்த காயை ஆட்டினால் உள்ளே விதைகள் கிலுகிலுவென ஒலிக்கும். பெயரும் அதனால்தான் வந்தது. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதற்காக இந்த இனத்தைத் தோட்டங்களில் வளர்த்ததும் உண்டு. ஆனால் கிலுகிலுப்பை இனங்கள் பலவற்றின் விதையிலும் இலையிலும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. வேகவைத்தாலும் அது முழுமையாகப் போவதில்லை. அவரை போல இருக்கிறதே என்று காயைச் சமையலில் சேர்க்கக் கூடாது. குழந்தைகளுக்கு விளையாடக் கொடுப்பதும் வேண்டாம்.

இவற்றோடு சிறுபூனைக்காலிக் கொடியையும் சேர்த்துப் பார்க்கலாம். அதில் பை இல்லை. பச்சை நூலால் பின்னிய வலை இருக்கும். வலை கையில் பிசுபிசுக்கும். வலைக்குள் உள்ள காய் பழுத்து ஆரஞ்சு நிறமானால் இனிக்கும். பச்சையாக இருக்கும்போது அதில் நஞ்சு உண்டு.

தானாக வெடிப்பவை

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ‘ரும்புட் இஸ்ரேல்’ என்ற களையைத் தெரியாமல் இருக்காது. வெள்ளை அல்லது இளம் ஊதாப் பூ பூத்து, நிழலிலும் படர்ந்து நிற்கும். அதன் காய் சிறு கதாயுதம் போல இருக்கும்: கீழ்ப்பகுதி ஒல்லி, மேல்பகுதி பருமன். உள்ளே நான்கு தட்டை விதைகள். ஒவ்வொன்றையும் ஒரு சிறு கொக்கி தாங்கியிருக்கும். வெயிலில் காய்ந்ததும் காய் ‘படக்’ என்று இரண்டாகப் பிளந்து விதைகளைச் சில மீட்டர் தூரம் எறியும். களையெடுத்த வரிசையில் அது மறுபடி முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காய் பச்சையாக இருக்கும்போதே வெட்டினால்தான் பயன்.

பட்டாசுக்காயின் காயும் இதைப் போன்ற வடிவம்தான். ஆனால் அது முழு நீளத்துக்கும் ஒரே பருமனாக இருக்கும். விதைகள் இருபது வரை இருக்கும். அதைத் திறப்பது ஈரம். காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் சில நொடிகளில் வெடிக்கும். நனைந்த விதை பசைபோல ஒட்டிக்கொள்ளும். ஒன்று வெயிலில் வெடிக்கும், மற்றது மழையில் வெடிக்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புளியாரையின் காய் ஐந்து பட்டையோடு மெழுகுவர்த்தி போல நேராக நிற்கும். முற்றிய காயை விரலால் மெல்ல அழுத்தினாலே சிவந்த பொடி விதைகள் தெறிக்கும்.

இலைக்கு அடியில்: கீழாநெல்லி

மஞ்சள் காமாலை என்றதும் நம்மவர்கள் தேடும் செடி கீழாநெல்லி. அதன் அடையாளம் பெயரிலேயே இருக்கிறது: இலைக்குக் கீழே நெல்லிக்காய் வரிசை. மலாய்க்காரர்களும் இதையே கவனித்து, குழந்தையைச் சுமப்பது போல இருக்கிறது என்று ‘டுகோங் அனாக்’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மொழிக்காரர்களும் பூவையோ இலையையோ விட்டுவிட்டு, காயை வைத்துப் பெயரிட்டிருப்பதைக் கவனியுங்கள்.

காய் இல்லாத இளஞ்செடியைப் பறிக்கவே வேண்டாம். சிறு இலைகள் இருபக்கமும் அடுக்கிய கன்றுகள் பல உண்டு. புளியங்கன்றும் அப்படித்தான் இருக்கும். இலைக்காம்பைப் புரட்டி, அடியில் காய்வரிசை இருந்தால் மட்டுமே அது கீழாநெல்லி இனம்.

அதிலும் இரண்டு வகை அருகருகே வளரும். ஒன்றில் காய் வழுவழுப்பாகப் பச்சை நிறத்தில், சிறு காம்போடு தொங்கும். அது நாம் தேடும் கீழாநெல்லி. மற்றதில் காய் சொரசொரப்பாக, செந்நிறம் படர்ந்து, காம்பே இல்லாதது போல ஒட்டியிருக்கும். அது செங்கீழாநெல்லி. காய்க்குள் ஆறு விதைகள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னொன்றும் தெரியும்: முன்னதன் விதையில் கோடுகள் நீளவாக்கில் ஓடும், பின்னதில் குறுக்காக ஓடும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கண் மஞ்சளாவது ஒரு நோயல்ல, பல நோய்களின் அறிகுறி. வைரஸ் கிருமி, பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யாமல் செடியை மட்டும் நம்பி நாளைக் கடத்துவது உயிருக்கு ஆபத்து.

முள் உருண்டை: ஊமத்தையும் ஆமணக்கும்

இரண்டும் நஞ்சுள்ளவை. இரண்டிலும் முள் போர்த்திய காய் உண்டு.

ஊமத்தை மலாயில் கெச்சுபோங். காய் தனித்தனியாக, தலை கவிழ்ந்து தொங்கும். எலுமிச்சை அளவில் உருண்டையாக, குட்டை முட்களோடு இருக்கும். காயின் அடியில் பழைய பூவின் புறவிதழ் ஒரு சட்டைக் கழுத்துப் பட்டி போல நிற்கும். முற்றினால் ஒழுங்கில்லாமல் உடையும். உள்ளே தட்டையான, காது வடிவப் பழுப்பு விதைகள் நெருக்கமாக இருக்கும். இதைத் தின்றால் வாய் உலரும், கண்பாவை விரியும், இதயம் படபடக்கும், ஆள் பிதற்றத் தொடங்குவார். சில விதைகளே ஒரு குழந்தைக்கு ஆபத்தாகலாம். ஆஸ்துமாவுக்கு ஊமத்தை இலையைப் புகைக்கும் பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டும்.

ஆமணக்கு மலாயில் ஜாராக். காய்கள் நிமிர்ந்த குலையில் கொத்தாக இருக்கும். முட்கள் மென்மையானவை, குத்தாதவை. காய் மூன்று பகுதியாகப் பிளக்கும்; பகுதிக்கு ஒரு விதை. விதை பளபளப்பாக, பளிங்குக்கல் போலக் கோடும் புள்ளியுமாக, நுனியில் சிறு குமிழோடு உண்ணி போலத் தோன்றும். விளக்கெண்ணெய் இதிலிருந்துதான் வருகிறது. நஞ்சு எண்ணெயில் கலப்பதில்லை. பிழிந்த சக்கையில் தங்கிவிடும். எண்ணெய் மருந்தாக இருக்கிறதே என்று விதையை மெல்லக் கூடாது.

சிவப்பு விதை: சாகாவா, குன்றிமணியா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்தவர்கள் பள்ளிக்கூட மரத்தடியில் சிவப்பு விதை பொறுக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அது சாகா மரத்து விதை, தமிழில் ஆனைக்குன்றிமணி. அதோடு குன்றிமணியைச் சேர்த்துவிடக் கூடாது. மலாயில் இரண்டுக்குமே ‘சாகா’ என்ற பெயர் ஒட்டியிருப்பதால் குழப்பம் கூடுகிறது.

சாகா பெரிய மரம். நீண்ட காய் முற்றியதும் சுருள் சுருளாக முறுக்கிக்கொள்ளும். விதை முழுவதும் ஒரே சிவப்பு. நான்கு விதை சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம் எடை. பழைய காலத்தில் பொன் நிறுக்கப் பயன்பட்டது.

குன்றிமணி மெல்லிய கொடி. சின்னக் காய் வெடித்து ஓடு சுருண்டாலும், விதைகள் கீழே விழாமல் ஓட்டிலேயே பல நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு விதையின் ஒரு முனையில் கறுப்புக் கண் உண்டு. சாகா விதையைவிடச் சிறியது. ‘ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை’ என்று நாம் சொல்வது இந்த விதையை வைத்துத்தான். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதும் இதைத்தான்.

குன்றிமணிக்குள் இருக்கும் நஞ்சு மிகக் கொடியது. தோல் கெட்டியாக இருப்பதால் முழுதாக விழுங்கிய விதை சில வேளை அப்படியே வெளியேறிவிடும். மென்றதோ, மணி கோக்கத் துளை போட்டதோ அப்படியல்ல. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும்; அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கறுப்புக் கண் இருந்தால் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். சிவப்பு விதை கோத்த மாலை வாங்கும்போதும் இந்தக் கண்ணைத் தேடிப் பாருங்கள்.

பறிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

காயும் இலையும் இரண்டும் பொருந்தினால்தான் செடியைப் பறிக்க வேண்டும். ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மருந்து தெளித்த வரிசையில் பறிக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. கிளைபோசேட் பட்ட செடி உடனே கருகாது. பல நாள் பச்சையாகவே நிற்கும். பார்வைக்கு நல்ல செடியாகத் தெரியும். தெளித்த நாளைத் தோட்டத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரில் பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் அனுமதியின்றிச் செடியையோ விதையையோ எடுப்பது குற்றம். அங்கே படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது இலையை மட்டும் எடுக்காமல் காயின் மேல்புறம், அடிப்புறம், பிளந்த உட்புறம் என்று மூன்று படம் எடுத்தால் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்க வசதியாக இருக்கும்.

யாராவது தெரியாத விதையைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மிச்சமுள்ள விதையையும் காயையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கையோடு கொண்டு செல்லுங்கள். மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி. அவசர எண் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் இத்தகைய விவரங்களில் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை தருகிறது.

விதை உறை சேகரிப்பு

தமிழ்ப்பள்ளி மாணவர்களின் அறிவியல் பணிக்கு இது நல்ல தலைப்பு. சின்னக் காகித உறைகளில் ஒவ்வொரு காயையும் போட்டு, வெளியே தேதி, இடம், தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், திறக்கும் முறை ஆகியவற்றை எழுதி வைக்கலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். குன்றிமணி, ஊமத்தை, ஆமணக்கு, கிலுகிலுப்பை நான்கையும் மாணவர்கள் கையால் சேகரிக்க வேண்டாம். அவற்றுக்குப் படம் போதும். உறையின் மேல் சிவப்பு மையில் ‘நஞ்சு’ என்று எழுதுங்கள். பார்த்தீனியத்தையும் படமாகவே வைக்க வேண்டும்; விதையைக் கொண்டுவந்தால் பள்ளிக்கூட வளாகத்தில் பரவிவிடும்.

பெயர் தெரியாத காய் கிடைத்தால் வீட்டிலோ பக்கத்திலோ உள்ள பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். செடியின் பெயர் அவர்களுக்கு உடனே நினைவுக்கு வராமல் போகலாம். காயைக் கையில் கொடுத்தால் பெயரும் வரும், அதை எதற்குப் பயன்படுத்தினார்கள், எதைத் தொடக் கூடாது என்று சொன்னார்கள் என்பதும் வரும். அதையும் அதே உறையின் மேல் எழுதி வையுங்கள்.